காலஞ்சென்ற சாம் நேத்தன் பேசுகிறேன்

"ஹலோ, நாகரத்தினம் இன்வெஸ்டிகேஷன்ஸா? காலஞ்சென்ற சாம் நேத்தன் பேசறேன்."

மயில்சாமி பாதி கடித்த மசால் வடையைத் தட்டில் வைத்தான். பதினான்கு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்து, லே-ஆஃபில் வெளியே வந்தவன். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"அங்க சிக்னல் நல்லா கெடைக்குதுங்களா?" என்றான்.

"எங்க?"

"மேலேங்க."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. ஐந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்த மாதிரி ஒரு சிரிப்பு. இறந்தவர் தற்சமயம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகள் வீட்டில் இருப்பதாகவும், இரண்டு மணிக்கு வந்தால் நல்ல டிகிரி காபி கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"அக்கா, செத்தவரு ஒருத்தரு அப்பாயிண்ட்மென்ட் குடுத்திருக்காருங்க" என்றான் மயில்சாமி.

நாகரத்தினம் நிமிரவில்லை. "காபி உண்டா?"

"டிகிரி காபிங்களாம்."

"கிளம்பு."

எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது அவர்கள் ஆபீஸ். நாகரத்தினத்துக்கு ஐம்பத்து நாலு வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம் பிடித்துவிட்டு, லைசென்ஸ் வாங்கித் தனியாகத் துப்பறிய வந்தவள். ஒருவன் நொண்டுவதைப் பார்த்தே அது உடைந்த காலா, நடிக்கிற காலா என்று சொல்லிவிடுவாள். நியூ ஜெர்சித் தமிழர்களில் கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறவர்கள் பாதி, நாகரத்தினத்தைப் பார்க்கிறவர்கள் மீதி. மாப்பிள்ளை விசாரணையே பார்த்துப் பார்த்து இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது. பிணம் போன் பண்ணுகிற கேஸ் வரட்டுமே என்றிருந்தது.

கதவைத் திறந்த பிணம் ஆறடி உயரம். பின்னால் வாரிய வெள்ளை முடி. ஜூன் மாத வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டு ஸ்கார்ஃப். கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன், பத்தொன்பது வயதில் இன்ஜினியரிங் படிக்க இங்கிலாந்து போய், அதை இரண்டாம் வருஷமே கைகழுவி, நாடகக் கம்பெனியில் ஈட்டி பிடித்து நிற்கிற சேவகன் வேஷத்துக்குச் சேர்ந்து, சாம் நேத்தன் ஆன கதையை அவர் சோபாவில் உட்காருவதற்கு முன்பே முடித்துவிட்டார். உட்கார்ந்த பிறகு டெலிவிஷன் கதை தொடங்கியது.

"பிரிட்டிஷ் டி.வி.யில அப்போ நம்ம முகத்துக்கு நாலே வேஷம்தான். மளிகைக்கடைக்காரன், பஸ் கண்டக்டர், கடத்தல்காரன், டாக்டர். கடத்தல்காரன்னா முதல் சீன்லயே சுட்டுடுவா. டாக்டர்னா கடைசி சீன்ல வந்து, 'ஐயம் சாரி, எங்களால முடிஞ்சதைப் பண்ணினோம்'னு சொல்லணும். அதை நான் பத்தொன்பது சீரியல்ல சொல்லியிருக்கேன். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி சீரியல்ல ஏழு வருஷம் சர்ஜன். இங்கிலாந்துல பாதிப் பேர் நான் நிஜ டாக்டர்னே நினைச்சிண்டிருந்தா. ஒருதரம் ரயில்ல ஒருத்தி முட்டியைக் காட்டி மருந்து கேட்டா."

"குடுத்தீங்களா சார்?" என்றான் மயில்சாமி.

"குடுத்தேன். சரியாப் போயிடுத்தாம்."

அவர் மனைவி ஹம்சா காபி கொண்டுவந்து வைத்தாள். எழுபது வயதிருக்கும். ஒல்லியான, சத்தமில்லாத மனுஷி. தம்ளரை வைத்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் ஓடிய வாழ்க்கைக் கதையில் அவள் வந்தது ஒரே ஒரு வாக்கியத்தில். "எண்பதுல கல்யாணம் ஆச்சு" என்றார் சாம். அடுத்த வாக்கியத்தில் மறுபடி சீரியல் வந்துவிட்டது. சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் ரயிலில் முட்டியைக் காட்டிய பெண்ணின் கதையைப் புதிதாகத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் ஒன்ஸ் மோர் கேட்காமலே தருவார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டு மயில்சாமி இரண்டாவது தடவையும் சிரித்து வைத்தான்.

"சார், நீங்க எப்ப செத்தீங்க?" என்று நாகரத்தினம் அவரை விஷயத்துக்கு இழுத்து வந்தாள்.

"திங்கட்கிழமை" என்றார் சாம்.

நடந்தது இதுதான். லண்டனிலிருந்து வருகிற ஃபுட்லைட் கெஸட் என்ற நாடகப் பத்திரிகை, திங்கட்கிழமை அவருக்கு இரங்கல் குறிப்பு வெளியிட்டிருந்தது. நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு தியேட்டர் அவரை ஒரு புது நாடகத்துக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வேடம். ஒன்றரை மணி நேரமும் மேடையில் அவர்தான். எட்டு வருஷம் கழித்து வந்த வாய்ப்பு. தியேட்டர்காரர்கள் குறிப்பைப் படித்துவிட்டு, அழுதுவிட்டு, செவ்வாய்க்கிழமையே அந்த வேடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை மலர்வளையம் வந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினதே காலமானவர்தான்.

அவர் எழுந்து நின்று, ஸ்கார்ஃபைச் சரிசெய்து, பத்திரிகையைக் கையில் பிடித்து, தன் மரணத்தை வாசித்தார். இங்கிலீஷில்தான். ஆனால் அந்தக் குரலில் கேட்டபோது, மயில்சாமிக்கு வார்த்தைக்கு வார்த்தை தமிழாகவே இறங்கியது.

"சாம் நேத்தன், எழுபத்தெட்டு வயது, நியூ ஜெர்சியில் காலமானார். கும்பகோணத்தில் பிறந்தவர், லீட்ஸில் நடிகரானவர், நாடெங்கும் டாக்டராக அறியப்பட்டவர். சுமாரான அரசர், அருமையான டாக்டர். எழுபத்தொன்பதில், லீட்ஸ் மேடையில், அரசர் வேடத்தில், பதினோரு விநாடி, வசனம் மறந்து நின்றார். அரங்கம் அதை, மகத்தான மௌனம் என்றது. அவரும் அதை, கடைசிவரை மறுக்கவில்லை."

கோயில் மணி அடித்து நின்ற மாதிரி இருந்தது. மயில்சாமிக்குக் கைதட்டத் தோன்றியது. செத்தவருக்குக் கைதட்டலாமா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

"சுமாரான அரசர்!" சாம் பத்திரிகையை சோபாவில் வீசினார். "செத்துப்போனேன்னு போடட்டும், பரவாயில்லை. சுமார்னு போடலாமா?"

"யார் எழுதினதுன்னு பத்திரிகையில கேட்டீங்களா?"

"நியூ ஜெர்சியிலேர்ந்து ஒரு குடும்ப நண்பர்னு சொல்றா. பேர் சொல்லமாட்டாளாம். ஆனா எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு விநாடி விஷயம் உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு, மந்திரி வேஷத்துல என் எதிர்ல நின்ன ஜெரால்ட் பிம். அவன் இப்போ பார்சிப்பனில இருக்கான். இருபது வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. என் வேஷம் இப்போ யாருக்குப் போயிருக்கு தெரியுமோ?"

"ஜெரால்ட் பிம்முக்குங்களா?" என்றான் மயில்சாமி.

"புத்திசாலி."

தியேட்டரிலிருந்து வந்திருந்த பதில் கடிதத்தையும் சாம் எடுத்து வாசித்தார். 'தாங்கள் உயிரோடிருப்பதில் எங்களுக்கு ஏற்பட்டுள்ள மகிழ்ச்சியை வார்த்தைகளால் வெளிப்படுத்த இயலாத நிலையில்' என்று ஆரம்பித்து, 'நிலையில்' வருவதற்குள் மூச்சு முட்டி, இருமி, பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இதய ஆபரேஷன். அதிலிருந்து மூச்சு அரை டிக்கெட் ஆகிவிட்டது. மீதிக் கடிதத்தை மயில்சாமிதான் வாங்கிப் படித்தான். பிம்மோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம், அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லையாம். சனிக்கிழமை ஒத்திகை ஆரம்பம். அதற்குள் இது பிம் செய்த வேலை என்று நிரூபணமானால் வேடம் திரும்ப சாமுக்கு. இல்லையென்றால் பிம்முக்கு. இன்று வியாழன்.

நாகரத்தினம் அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, "காபி பிரமாதம்மா" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

இருநூற்று எண்பத்தேழாம் நெடுஞ்சாலையில் டிராஃபிக் ஊர்ந்தது. மயில்சாமி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னான்: "எனக்கென்னமோ கேஸ் முடிஞ்ச மாதிரிதானுங்க்கா. ரகசியம் தெரிஞ்சவன் ஒருத்தன், பலன் கெடைச்சவனும் அதே ஒருத்தன். இத்தனை நல்லவன் எங்கீங்க கெடைப்பான்?"

"அதான் உறுத்துது. இவ்வளவு சுலபமா மாட்டிக்கிறவன் முட்டாளா இருக்கணும். முட்டாளுக்கு இவ்வளவு அழகா எழுத வருமா?"

"அழகா இருந்துச்சுங்களா? எனக்கு அவரு படிச்சது அழகா இருந்துச்சுங்க."

நாகரத்தினம் சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். "மயிலு, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"எதைங்க?"

"விடு. ரோட்டைப் பாரு."

பார்சிப்பனியில் முதியோர் குடியிருப்பின் பின்பக்கத் தோட்டத்தில் ஜெரால்ட் பிம்மைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. ஒரு ரோஜாச் செடிக்கு மரண தண்டனை விதித்துக்கொண்டிருந்தார். குண்டான, சிவந்த மனிதர். எண்பத்தொரு வயது. ஒரு கையில் நாடகப் பிரதி, மறு கையில் ஊன்றுகோல். சட்டைக் கையில் துக்கம் காட்டும் கறுப்புத் துணிப்பட்டை.

"சாமைப் பற்றித்தானே வந்திருக்கிறீர்கள்?" அவர் ஊன்றுகோலையும் பிரதியையும் கீழே போட்டுவிட்டு நாகரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் அவன் சொந்தமா? என் மனமார்ந்த அனுதாபம். அவன் ஒரு மகத்தான நடிகன். உயிரோடிருந்தபோது இதை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் தாங்கமுடியாமல் போயிருப்பான்."

"நாங்க சொந்தம் இல்லை, மிஸ்டர் பிம். அவர் அனுப்பி வந்திருக்கோம். இன்னைக்கு மத்தியானம்."

பிம்மின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"உயிரோடிருக்கிறானா? அயோக்கியன்! நான் மூன்று நாளாக விஸ்கியைத் தொடவில்லை!"

மயில்சாமி நாகரத்தினத்தின் காதருகில் குனிந்தான். "அக்கா, இது நடிப்புங்களா?"

"இல்லை. நடிப்பா இருந்தா மூக்கு ஒழுகாது" என்றாள் அவள் மெதுவாக. பிறகு கைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க, மிஸ்டர் பிம். மேடையில வாசிக்கிற மாதிரி."

நடிகரிடம் வாசிக்கச் சொன்னால் மறுப்பாரா? எழுந்து, தொண்டையைச் சரிசெய்து, ஆரம்பித்தார். நல்ல குரல். ஆனால் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கிய மாதிரி ஒவ்வொரு இடத்திலும் குலுங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"யார் எழுதியது இது? மூச்சு விடுவதற்குள் ஒரு கமா! 'அரங்கம் அதை', கமா. 'அவரும் அதை', கமா. அங்கே எதற்குக் கமா? மாடிப்படி ஏறுகிற இதய நோயாளி எழுதின மாதிரி இருக்கிறது."

நாகரத்தினம் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு தலைவலி விட்டுப்போனவளின் முகமாக இருந்தது அது.

"அந்தப் பதினோரு விநாடி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுமா? நான் எதிரே நின்றேன் அம்மா! கதாநாயகன் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான். சாம் பதிலாள். முதல் முறையாக அரசர். ஏறினான், நின்றான், மறந்தான். எனக்கு அது ஒரு மணி நேரம். அவனைக் கேட்டால் ஒரு யுகம் என்பான். மேடையில் நிற்கிறவன் எவனாவது விநாடி எண்ணுவானா? எண்ணியவள் ஒருத்திதான். மேடை ஓரத்து இருட்டில் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்த பெண். வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை அவளுக்கு. அன்றைக்கும் அவள் எடுத்துக்கொடுத்த வார்த்தையில்தான் அவன் பிழைத்தான். மறுநாள் எங்கள் இருவரிடமும் மட்டும் சொன்னாள், பதினோரு விநாடி என்று. ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் வேலை போயிருக்கும்."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

பிம் அவளை வினோதமாகப் பார்த்தார். "உங்களுக்குக் காபி கொடுத்திருப்பாளே? அவளைத்தானே அவன் கல்யாணம் செய்துகொண்டான்."

திரும்பி வரும்போது மயில்சாமி இரண்டு எக்ஸிட் தாண்டும்வரை ஸ்டியரிங்கில் தாளம்கூடப் போடவில்லை. பிறகு பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"கமாவை வெச்சு எப்படீங்க்கா?"

"தியேட்டர் லெட்டரை அவரால ஒரு வரி படிக்க முடிஞ்சுதா? மூச்சு முட்டிச்சு. இரங்கல் குறிப்பை மட்டும் ஒரு இருமல் இல்லாம மணி மாதிரி வாசிச்சாரு. நீதான சொன்ன, அவர் படிச்சதுதான் அழகுன்னு. அது அவர் நுரையீரலுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மயிலு. எங்க மூச்சு தீரும்னு தெரிஞ்சு, அந்தந்த இடத்துல கமா போட்டிருக்கு. அந்த அளவு யார்கிட்ட இருக்கும்?"

"ரெண்டே பேருக்குத் தெரியும்னாருங்களே, அந்த அம்மாவைச் சேத்தவே இல்லைங்களே."

"நாற்பத்தஞ்சு வருஷமா பக்கத்துல இருக்கிறவங்களை யார் எண்ணிக்கையில சேத்துக்கறாங்க?" என்றாள் நாகரத்தினம்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் சாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஹம்சா சமையலறையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நாகரத்தினம் எதுவும் கேட்கவில்லை. பத்திரிகைத் துண்டைச் சமையல் மேடையில் வைத்து, ஒரு கமாவின் மேல் விரலை வைத்தாள்.

ஹம்சா அதைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. இன்னொரு கொத்தை எடுத்து உருவினாள்.

"பழக்கம்" என்றாள். "அவருக்குன்னு எழுதினா கை தானா அங்க போட்டுடறது."

"பத்திரிகைக்காரங்க சரிபார்க்கலையா?"

"போன் பண்ணினா. நான்தான் எடுத்தேன். கொஞ்சம் அழுதேன். அழுகை நன்னாவே வந்தது. நாலு மாசமா சேர்த்து வெச்சிருந்தேன்."

மயில்சாமிக்கு ஒரு கேலி நாக்குவரை வந்தது. அதை விழுங்கினான்.

"பிப்ரவரியில லைப்ரரியில ஒரு வாசிப்பு. இருபது பேர் வந்திருந்தா" என்றாள் ஹம்சா. "ஒரே வசனத்தை மூணு தடவை சொன்னார். முடிச்சதே தெரியலை அவருக்கு. வந்தவா அதையும் நாடகம்னு நினைச்சிண்டு கைதட்டினா. ஆத்துக்கு வந்து, என்ன ஒரு கைதட்டல் பாத்தியான்னு கேட்டார். அதுக்கு மறுவாரம் இந்த ஜட்ஜ் வேஷம் வந்தது. முப்பத்தெட்டு பக்கம். தினம் ராத்திரி சாப்பாடு ஆனதும் பிரதியை வெச்சுண்டு உக்காருவோம். நாலாம் பக்கம் போறதுக்குள்ள முதல் பக்கத்துக்கே வந்துடறார். தியேட்டர்ல கேட்டேன், நான் ஓரமா உக்காந்து எடுத்துக் குடுக்கட்டுமான்னு. இப்பல்லாம் அந்த வழக்கம் இல்லையாம். காதுல ஒரு மெஷின் வெக்கறோம்னா. இங்க ஆத்துல ஒண்ணு வாங்கி வெச்சுப் பாத்தேன். தலைக்குள்ள யாரோ பேசறான்னு பயந்துட்டார். குழந்தை மாதிரி என் கையைப் பிடிச்சுண்டார்."

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்றது? நானூறு பேர் முன்னாடி திகைச்சு நின்னா அன்னிக்கே போயிடுவார். எதிரி ஒருத்தன் வேஷத்தைப் பறிச்சுட்டான்னா கோவம்தான் வரும். கோவத்தோட அவரால நன்னா இருக்க முடியும். இருபது வருஷமா ஜெரால்ட் மேல கோவப்பட்டே தெம்பா இருக்கார்." அவள் கறிவேப்பிலைக் காம்புகளைக் கூட்டிக் குப்பையில் போட்டாள். "ஆனா அவன் பாவம். வேஷம் அவனுக்குப் போகும்னு நான் நினைக்கலை. துப்பறியற மனுஷாளை இவர் கூட்டிண்டு வருவார்னும் நினைக்கலை."

நாகரத்தினம் ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, என் கிளையன்ட் அவர். அவர் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. பிம் பண்ணலைன்னாவது சொல்லியாகணும். அதுக்கு மேல அவர் கேக்கறதுக்கு முன்னாடி, நீங்க சொல்லிட்டா நல்லது."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹம்சா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அவள் சொன்னது அரை நிமிஷம்கூட இல்லை. சமையலறை வாசலில் நின்ற இருவருக்கும் அவள் முதுகுதான் தெரிந்தது. அவருடைய முகம் தெரிந்தது.

சாம் நேத்தன் வெடித்தார். மலர்வளையம் இருந்த மேஜையை ஒரு தள்ளு. பூக்கள் கம்பளத்தில் சிதறின. இத்தனை வருஷமாக எந்த டெலிவிஷனும் அவருக்குத் தராத ஒரு பெரிய காட்சியை வீட்டு ஹாலில் வாழ்க்கை கொடுத்திருந்தது. அவர் அதில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"நாற்பத்தஞ்சு வருஷம்! என் சாப்பாடு உன் கையில! என் மாத்திரை உன் கையில! என் வசனம் அத்தனையும் உன் கையில! அந்தக் கையாலயே என்னைச் செத்துட்டான்னு எழுதினியா? ஊர்ல எவன் பண்ணியிருந்தாலும் தாங்கிண்டிருப்பேன். நீ பண்ணினியே! இதுக்குப் பேர் என்ன தெரியுமா? நீ பண்ணின காரியத்துக்குப் பேர்… இதுக்குப் பேர்…"

வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. வார்த்தை வரவில்லை. வாய் திறந்து மூடியது. கண்கள் ஹாலின் மூலைகளில் எதையோ தேடின. கோபம் அப்படியே நிற்க, அதற்குக் கீழே இன்னொன்று, பெரிய கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம், மேலே எழும்பி வந்தது.

ஹம்சா தலை நிமிரவில்லை. இரண்டாவது வரிசைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"துரோகம்."

"துரோகம்!" என்று இடி மாதிரி முழங்கினார் சாம்.

அந்த வார்த்தை சுவர்களில் பட்டு அடங்கியது. அடங்கிய பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்தது. உயர்ந்த கை உயர்ந்தபடியே இருந்தது. மனைவியைப் பார்த்தார். மெல்லக் கையை இறக்கினார். பின்னால் துழாவி, சோபாவின் கையைப் பிடித்து உட்கார்ந்தார்.

"இப்படித்தான் இருக்கா?" என்றார். அது மேடைக் குரல் இல்லை. கும்பகோணத்துச் சுவாமிநாதனின் குரல்.

"ம்."

"எவ்வளவு நாளா?"

"பிப்ரவரியிலேர்ந்து நன்னாத் தெரியறது."

"லைப்ரரியில கைதட்டினாளே?"

"மூணு தடவை சொன்னேள். அதான்."

அவர் யோசித்தார். "மூணு தடவையும் எப்படி இருந்தது?"

"மூணாவதுதான் ரொம்ப நன்னா இருந்தது" என்றாள் ஹம்சா.

சாம் சிரித்தார். பாதியில் மூச்சு முட்டியது. அவள் இன்ஹேலரை நீட்டினாள். வாங்கி இழுத்துவிட்டு, அவள் கையை விடாமலே, வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

"ஜெரால்ட் நம்பர் இருக்கா?"

மயில்சாமி போட்டுக் கொடுத்தான். ஸ்பீக்கரில் பிம்மின் குரல் கரகரத்தது. சாம் இங்கிலீஷில் பேசினார்.

"சாம்தான். ஆமாம், உயிரோடுதான். அழாதே, உன் அழுகையை இதுவரை யாரும் நம்பியதில்லை. கேள். ஜட்ஜ் வேடத்தை நீயே செய். யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானே இறங்கிக்கொள்கிறேன். என்னால் வசனத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை, ஜெரால்ட். ஆமாம். அதேதான். டாக்டரிடம் போகப் போகிறேன், நிஜமான ஒருவரிடம். இன்னொன்று. இரண்டாம் காட்சியில் ஜட்ஜ் எழுந்து நிற்கக் கூடாது. நீ நிற்பாய், எனக்குத் தெரியும். உட்கார்ந்தே சொல். நான் முதல் நாள் முன்வரிசையில் இருப்பேன்."

மறுமுனையில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ சுமாரான அரசன் இல்லை, சாம்" என்றார் பிம்.

"தெரியும்" என்று போனை வைத்த சாம், மனைவி பக்கம் திரும்பினார். "ஏண்டி, சுமார்னு ஏன் எழுதினே?"

"எல்லாமே நல்லதா எழுதினா பொண்டாட்டி எழுதினதுன்னு கண்டுபிடிச்சுடுவாளே."

நாகரத்தினம் கம்பளத்தில் சிதறிய பூக்களைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தாள். யாரும் அவர்களை வழியனுப்ப எழவில்லை. சுவாமிநாதனும் ஹம்சாவும் பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய திருத்தத்தைப் பற்றி வாக்குவாதத்தில் இறங்கியிருந்தார்கள். உயிரோடிருக்கிறார் என்பதோடு ஓய்வு பெறுகிறார் என்பதையும் அதே வரியில் சேர்ப்பதா, தனி வரியா என்று. அவர் தனி வரி கேட்டார். அவள் தலையாட்டவில்லை.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஸ்பிரிங்க்ளர் தன் பாட்டுக்குப் புல்லையும் ரோட்டையும் நனைத்துக்கொண்டிருந்தது. மயில்சாமி வண்டியை எடுத்தான். ரூட் எய்ட்டீனில் ஏறினான். முதல் சிக்னலில் நின்றான். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தான்.

"என்ன மயிலு, ஒரு ஜோக்கையும் காணோம்" என்றாள் நாகரத்தினம்.

"வசனம் வரலைங்க்கா" என்றான் அவன். "யாராச்சும் எடுத்துக் குடுத்தாத்தானுங்க வரும்."

அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, கொஞ்சம் யோசித்து, அவனுக்காக ஒரு ஜோக்கை ஆரம்பித்தாள். சுமாரான ஜோக்தான். அவன் எடிசன்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.